யாரையும் சொல்லாத பாட்டு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம். துவைத்து வந்த ஈர விரிப்பை உருளையில் கொடுத்து உலர்த்த நான்கு பேர் வேண்டும். இரண்டு பேர் போடும் பக்கம், இரண்டு பேர் வாங்கும் பக்கம். நடுவில் கொதிக்கும் உருளை. போடும் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, விளிம்பை உருளைக்கு முன்னால் ஓடும் பட்டையில் வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். இருவரும் ஒரே நொடியில் எடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணும். ஒருத்தி பிந்தினால் விரலும் கூடப் போகும்.

போடும் பக்கத்தில் நின்ற இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் இளையவள். வீட்டில் வந்த பெயர் வேலையிடத்திலும் ஒட்டிக்கொண்டது. ஒரே வீடு. மூத்தவள் கீழே, இளையவள் மாடியில். பதினோரு வருடமாக ஒரே உருளை. எட்டு மாதமாகப் பேச்சு இல்லை.

காரணம் ஒரு வாக்கியம். இளையவளின் மகளைக் கேட்டு நல்ல இடம் ஒன்று வந்தது. பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பையனின் அம்மா மூத்தவளிடம் கேட்டாள், "பொண்ணு எப்படி?"

"தங்கம். வாய்தான் கொஞ்சம் நீளம். எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள் மூத்தவள், சிரித்துக்கொண்டே. வந்தவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அங்கிருந்து தகவல் இல்லை.

விளையாட்டாகச் சொன்னதற்கு எதற்கு மன்னிப்பு என்பது மூத்தவளின் கட்சி. தன்னையும் சேர்த்துத்தானே சொன்னாள். மன்னிப்பு கேட்கவில்லை. இளையவளும் மாடியிலிருந்து இறங்கும்போது கீழ்வீட்டுப் பக்கம் திரும்புவதை நிறுத்திக்கொண்டாள்.

பேசாமல் வேலை செய்வது பெரிய விஷயமில்லை. உருளையின் இரைச்சலில் பேசினாலும் பாதிதான் கேட்கும். அவசரத்துக்கு வாங்கும் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். சிறிய உருவம், பெரிய குரல். இந்த எட்டு மாதத்தில் அவளுக்குத் தபால் என்று பெயர் விழுந்துவிட்டது.

"தபாலு, அந்தப் பக்கம் முனையை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லு."

"முனையைத் தூக்கணுமாம்!"

"நான் தூக்கித்தான் பிடிச்சிருக்கேன்னு சொல்லு."

"தூக்கித்தான் இருக்காம்! ஏம்மா, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு துணிதான் தொங்குது. அதுக்கு ஒரு ஆளு நின்னு கத்தணுமா? எனக்குத் தொண்டை வலிக்குது."

கஷ்டம் பாட்டில்தான் இருந்தது.

பாட்டு இல்லாமல் நான்கு பேரின் கையும் சேராது. அலமாரி மேல் பெரிய ஸ்பீக்கர் ஒன்று எப்போதும் ஓடும். பதினோரு வருடமும் அப்படித்தான் வேலை நடந்தது. பேச்சு நின்ற பிறகு என்ன பாட்டைப் போட்டாலும் அது யாரையாவது சொன்னது. தங்கையைப் பற்றிய பாட்டு வந்தால் இளையவள் உதட்டைச் சுழித்தாள். துரோகத்தைப் பற்றிய பாட்டு வந்தால், "இதை யாரு போடச் சொன்னது?" என்று மூத்தவள் தபாலைக் கேட்டாள். காதல் பாட்டு ஆபத்தில்லை என்று நினைத்தார்கள். அதிலும் ஒருத்தி இன்னொருத்தியின் கல்யாணத்தைக் கெடுத்தாள். பக்திப் பாட்டில், மேலே இருப்பவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்ற இடத்தில் இளையவள் நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்தாள். கடைசியில் ஒரு தாலாட்டு. தாலாட்டில்கூடக் குழந்தை அழுதது. அழவைத்தது யார் என்ற கேள்வியில் விரிப்பு கோணிப் போயிற்று.

தங்கள் பாஷையே சாடை பேசுவதற்கென்று செய்துவைத்ததோ என்று மூத்தவளுக்குச் சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஒரு வாரம் வேலை பார்த்தார்கள். அந்த வாரம் விரிப்புகள் மடிப்பும் சுருக்கமுமாக வந்தன. வார்டிலிருந்து நர்ஸ் ஒருத்தி, "இதைத் தேய்ச்சீங்களா, கசக்கினீங்களா?" என்று கேட்டு அனுப்பினாள்.

அந்த வாரத்தில்தான் உருளையின் பட்டையை மாற்ற மெக்கானிக் வந்தான். வந்ததும் தன் போனை ஸ்பீக்கரில் இணைத்து ஒரு பாட்டைப் போட்டுவிட்டு உருளைக்கு அடியில் நுழைந்தான். கூடமே அதிர்ந்தது. இரும்பை இரும்பால் அடிக்கிற இசை. அதன் மேல் ஒரு ஆண் குரல். அது பாடவில்லை, ஆணை போட்டது.

"என்ன பாஷை தம்பி இது?" மூத்தவள் குனிந்து கேட்டாள்.

"ஜெர்மன்க்கா." உருளைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

"உனக்குப் புரியுமா?"

"ஒரு எழுத்துப் புரியாது."

"அப்புறம் எதுக்குக் கேக்குற?"

"என் வீட்டுக்காரி பேசுறது புரியும். முதலாளி பேசுறது புரியும். மாமனார் பேசுறது அதைவிட நல்லாப் புரியும். ஒரு மனுஷனுக்கு இவ்வளவு புரிஞ்சாப் போதாதாக்கா?"

பட்டை மாட்டி முடிந்ததும் சோதனைக்காக நான்கு விரிப்பு போட்டார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்கும் சீட்டுக்கட்டு மாதிரி நேராக வந்து விழுந்தன. தபால் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "அட" என்றாள். மூத்தவள் அந்தப் பாட்டுகளைத் தன் போனில் வாங்கிக்கொண்டாள். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு என்று எண்ணிக்கையால்தான் அவற்றுக்குப் பெயர்.

அன்றிலிருந்து அதுதான். தங்கள் பாஷைப் பாட்டில் வரி முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் என்பதை மூத்தவள் அப்போதுதான் கவனித்தாள். இதில் ஒவ்வொரு வரியும் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி முடிந்தது. அறைகிற இடத்தில் கையை எடுத்துவிடலாம். எதிரே நிற்கிறவளும் அதே இடத்தில் எடுப்பாள். பார்க்க வேண்டியதுகூட இல்லை.

அது மட்டுமில்லை. அந்தக் குரல் கோபமாக இருந்தது. யாரோ யாரையோ வாங்கு வாங்கென்று வாங்குகிறான். நம்மை இல்லை. எட்டு மணி நேரமும் கோபத்துக்கு நடுவில் நின்று, அதில் ஒரு சொல்கூடத் தன் மேல் விழாமல் வீடு திரும்புவது அவளுக்குப் புதிது. மனசு எங்கும் போகவில்லை. எதையும் நினைக்கச் சொல்லாத பாட்டு. சில இடங்களில் அவளும் உள்ளுக்குள் கத்தினாள். என்ன கத்துகிறோம் என்று தெரியாததால் அதில் பொய்யும் இல்லை.

புது நிர்வாகி ஒரு நாள் காலையில் கீழே இறங்கி வந்தார். வயது முப்பதுகளில். சட்டையில் கத்தி போல் மடிப்பு. சலவைக்கூடத்தில் அவருக்கு இஸ்திரி என்று பெயர். மரியாதையாகப் பேசுவார். அதனால்தான் அவரிடம் எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

அவர் கையைக் காட்டவும் தபால் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தாள்.

"மேல ஒருத்தர் புகார் சொல்லியிருக்காரும்மா. காத்துக்குழாய் வழியா யாரோ கத்துற சத்தம் வருதாம். இந்தப் பாட்டோட அர்த்தம் என்ன?"

"தெரியாது சார்" என்றாள் மூத்தவள்.

"தெரியாம எப்படிக் கேக்குறீங்க?"

"இந்த மிஷின் கத்துறதுக்கும் அர்த்தம் தெரியாது சார். பதினோரு வருஷமாக் கேக்குறோம்."

தபால் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இஸ்திரி சிரிக்கவில்லை.

"ஆஸ்பத்திரிம்மா இது. அதுல கெட்ட வார்த்தை இருந்தா? யாரையாவது வெட்டணும் குத்தணும்னு இருந்தா? பாட்டு வேண்டாம்னு சொல்லலை. நமக்குப் புரியற பாட்டாப் போடுங்க. மனசுக்கு இதமா. நானே கொஞ்சம் அனுப்பறேன்."

"புரியற பாட்டு எங்களுக்கு ஒத்து வராது சார்."

"ஏன்?"

மூத்தவள் தன் முனையை உதறி நீவினாள். எதிரே இளையவள் விரிப்பின் முனையைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதக் கதையை இவரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

"ஒத்து வராது" என்றாள் மறுபடி.

"பழகிடும்" என்றார் இஸ்திரி.

மறுநாள் அவர் அனுப்பிய பாட்டுகள் ஓடின. முதல் பாட்டு மழையைப் பற்றி. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, குழலிசை, சொல்லே இல்லை. அதில் தாளமும் இல்லை. கை தூங்கியது. மூன்றாவது பாட்டு ஒரு வீட்டைப் பற்றியது. தேன் மாதிரி குரல். ஒரே கூரை, ஒரே அடுப்பு, கைகோத்து நிற்கும் பெண்கள். அப்புறம் குரல் தழுதழுத்தது. அந்த வீட்டை ஒரு சொல் உடைத்துவிட்டது.

மூத்தவளுக்கு உடம்பு சுட்டது. உருளையால் அல்ல.

"தபாலு" என்றாள் இளையவள், இரைச்சலை மீறி. "நேத்து மேல போய்ச் சொல்லி வச்சு இந்தப் பாட்டைப் போடச் சொன்னாங்களான்னு கேளு."

தபால் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

"நான் ஏன் சொல்லி வைக்கணும்? அது என்னைத்தானே சொல்லுது!" என்று மூத்தவள் கத்தினாள், தபாலைப் பார்த்து.

"குத்தமுள்ள மனசு அப்படித்தான்னு சொல்லு."

"ஒரு வார்த்தை விளையாட்டாச் சொன்னா..."

விரிப்பின் ஒரு முனை உள்ளே போய்விட்டது. மறுமுனை மூத்தவளின் கையிலேயே இருந்தது. துணி கயிறாக முறுக்கிக்கொண்டு அவள் கையை இழுத்தது. இளையவள் பாய்ந்து, உருளையை நிறுத்தும் சிவப்புக் கம்பியை முழங்கையால் அடித்தாள். உருளை நின்றது. மூத்தவளின் விரல்கள் பட்டைக்கு நாலு அங்குலத்தில் நின்றன.

தேன்குரல் மட்டும் இன்னும் வீட்டைப் பற்றி அழுதுகொண்டிருந்தது. தபால் போய் அதை அணைத்தாள்.

விரிப்பு உருளையைச் சுற்றிக்கொண்டு தீய்ந்தது. அறுத்து எடுத்துத் துடைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆபரேஷன் தியேட்டருக்குப் பகல் இரண்டு மணிக்குள் போகவேண்டிய விரிப்புகள் ஈரமாகக் குவிந்து கிடந்தன. பதினொரு மணிக்கு இஸ்திரி இருவரையும் மேலே கூப்பிட்டார்.

அவருடைய அறையில் இரண்டு நாற்காலி. இருவரும் உட்காரவில்லை. ஒருத்தி ஜன்னலோரம் நின்றாள், ஒருத்தி கதவோரம்.

"நல்ல வேளை, கை தப்பிச்சது" என்றார் அவர். உண்மையாகத்தான் சொன்னார். "ஆனா விளக்கம் எழுதணும்மா. கவனக்குறைவுனு ஒரு வரி போதும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

தாளை மூத்தவள் பக்கம் தள்ளினார். ஏற்கெனவே அச்சடித்திருந்தது.

"கவனம் குறையலை சார். அதிகமாயிடுச்சு. பாட்டைக் கவனிச்சோம்."

"புரியலை."

"அதேதான் சார். எங்களுக்குப் புரிஞ்சது. அதான் வினை. பாட்டை மாத்தினதால துணி சுத்திக்கிச்சுன்னு எழுதிக் குடுங்க, போடறேன்."

இஸ்திரி நாற்காலியில் சாய்ந்தார். பொறுமையைக் கடைசி மடிப்புவரை நீவிக்கொண்டார்.

"அந்த ஜெர்மன் பாட்டுல அப்படி என்ன இருக்கு? எனக்கே ஆர்வமாயிடுச்சு. நேத்து கீழ ஓடினதைப் போன்ல பிடிச்சுட்டுப் போய், ராத்திரி உக்காந்து அர்த்தம் தேடினேன். முதல் பாட்டுக்குக் கிடைச்சது." போனை எடுத்தார்.

"வேண்டாம் சார்."

"கேளுங்களேன். நீங்க நினைக்கிற மாதிரி..."

"நான் ஒண்ணுமே நினைக்கலை சார். அதுக்குத்தான் கேக்குறதே. படிக்காதீங்க."

அவர் படித்தார். " 'நீ சிரித்தாய். என் வீடு இருண்டது.' "

இளையவளின் தலை மெதுவாகத் திரும்பியது. வாசல், செருப்பு, சிரிப்பு எல்லாம் அந்த அறைக்குள் வந்து நின்றன. மூத்தவள் இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா சார்? ஆறு மாசமா ஒரு வம்பும் இல்லாம ஓடிச்சு. ரெண்டு வரியில இழுத்துக் கொண்டாந்து நிறுத்திட்டீங்க."

இஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ குடும்பச் சண்டை என்பது அவருக்கு இப்போதுதான் எட்டியது. எட்டியதும் அவருக்கு வழி தெரிந்துவிட்டது.

"உங்களுக்குள்ள பிரச்சினைன்னா அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. பிரிச்சு விட்டுடறேன். ஒருத்தர் நாளையிலேர்ந்து அழுக்குத் துணி பிரிக்கிற பக்கம் போங்க. மூத்தவங்க நீங்க போறீங்களா? நின்னு செய்யற வேலையும் குறைவு. எல்லாருக்கும் நிம்மதி."

மூத்தவள் பதினோரு வருடம் ஒரு முனையைப் பிடித்தவள். அழுக்குத் துணி பிரிப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் தன் முனையை வேறு ஒருத்தி பிடிக்கக் கூடாது. அதைச் சொல்ல வேண்டுமானால் எதிரே நிற்பவள் காது கேட்கச் சொல்ல வேண்டும்.

கதவோரத்திலிருந்து இளையவள் பேசினாள்.

"அவங்க எங்கயும் போக மாட்டாங்க சார்."

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லையே?"

"பேசாம இருக்கறது எங்க வீட்டு விஷயம். அதை நாங்க நல்லாவே செஞ்சுக்கிட்டு இருக்கோம். துணி போடறது வேலை. அதையும் நல்லாவே செஞ்சோம், நீங்க பாட்டு அனுப்பற வரைக்கும். இவங்க கைக்கு எதிர்க்கை நான். வேற ஆளைக் கொண்டாந்து நிறுத்தி, கை சேர ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் தியேட்டருக்கு நீங்க துணி தேய்ச்சுக் குடுப்பீங்களா?"

"குரலை உயர்த்தாதீங்க."

"வாய் நீளம் சார் எங்க வீட்டுல. எல்லாருக்குமே."

அதைச் சொல்லும்போது அவள் மூத்தவளைப் பார்க்கவில்லை. மூத்தவள் தரையைப் பார்த்தாள். அந்த வாக்கியம் தன்னிடமிருந்து போய், எட்டு மாதம் மாடியில் இருந்துவிட்டு, இப்போது வேறு வேலைக்கு வந்திருந்தது. சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. முதுகு நிமிர்ந்தது.

அவள் தாளை எடுத்தாள். மடிக்கவில்லை, கிழிக்கவில்லை. எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி மேசை மேல் திருப்பி வைத்தாள்.

"துணி ரெண்டு மணிக்கு வேணும். மூணு மணி நேரம்கூட இல்லை. நாங்க போறோம் சார்."

"அந்தப் பாட்டைப் போடக் கூடாது" என்றார் இஸ்திரி.

"பாட்டு இல்லாம உருளை ஓடாது. காத்துக்குழாய்க்கு ஒரு மூடி போடச் சொல்லுங்க. அது உங்க வேலை."

படியில் இறங்கும்போது ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். இருபது படி.

கீழே தபாலும் இன்னொருத்தியும் துடைத்த உருளையைச் சூடேற்றி வைத்திருந்தார்கள். "என்ன ஆச்சு? வேலை இருக்கா, போச்சா?" என்று தபால் கேட்டாள். மூத்தவள் அலமாரிப் பக்கம் போய்ப் போனை எடுத்தாள்.

இரண்டாவது பாட்டுக்கு இன்னும் யாரும் அர்த்தம் தேடவில்லை. பதினோராவது வரைக்கும் பாட்டுகள் இருந்தன. எல்லாம் சுத்தமாக இருந்தன. எதைப் போட்டாலும் பிழைப்பு ஓடும். விரல் இரண்டாவதின் மேல் நின்றது.

"தபாலு" என்றாள் பின்னாலிருந்து இளையவள். "முதல் பாட்டையே போடச் சொல்லு."

தபாலுக்கு ஒன்றும் புரியவில்லை. "முதல் பாட்டாம்" என்றாள்.

மூத்தவள் முதல் பாட்டைப் போட்டாள். சத்தத்தை முழுக்க ஏற்றினாள். வந்து தன் முனையைப் பிடித்தாள்.

அந்த இரண்டு வரி பாட்டில் எந்த இடத்தில் வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் முழுப் பாட்டும் அதுவாக இருந்தது. ஒவ்வொரு வரியும் வந்து அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் இளையவள் நேராக அவள் கண்ணைப் பார்த்தாள். எட்டு மாதத்துப் பார்வை மொத்தமும் இருந்தது. மூத்தவள் தலையைக் குனியவில்லை. விளையாட்டாகச் சொன்னேன் என்ற பேச்சு இப்போது தொண்டைவரை வரவே இல்லை. வாங்கிக்கொண்டாள். மூன்றாவது விரிப்பிலோ நான்காவதிலோ ஒரு முறை தலையை ஆட்டினாள், ஆமாம் என்று. எதிரே இருந்த கண்கள் அதைப் பார்த்தன. மன்னித்ததாகத் தெரியவில்லை. பார்த்தன, அவ்வளவுதான்.

விரிப்புகள் நேராகப் போயின.

"அக்கா, முனை" என்றாள் இளையவள்.

மூத்தவள் முனையைத் தூக்கினாள். வாங்கும் பக்கத்தில் தபால் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவள் வேலை ஒன்று அந்த நொடியில் போயிற்று.

பன்னிரண்டு மணி சுமாருக்கு இஸ்திரி வாசலில் வந்து நின்றார். ஏதோ சொன்னார். கேட்கவில்லை. உரக்கச் சொன்னார். அதுவும் கேட்கவில்லை. சுவரில் மின்சாரத்தை நிறுத்தும் பெரிய விசை இருந்தது. அவர் அதைப் பார்த்தார். அதற்கு மேலே இருந்த கடிகாரத்தையும், தள்ளுவண்டியில் உயர்ந்துகொண்டிருந்த வெள்ளை அடுக்கையும் பார்த்தார். மறுபடி பேச ஆரம்பித்தார். முகம் சிவந்திருந்தது. சட்டையின் மடிப்பு வியர்வையில் கலைந்திருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் விரலை வெட்டி நீட்டினார்.

தாளம் சரியாகத்தான் இருந்தது. விரல் விழுந்த இடத்தில் இரண்டு பேரும் கையை எடுத்தார்கள். விரிப்பு உள்ளே போயிற்று.